சிவகுரு சேர் போடாத கோடு

சிவகுரு சேர் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குப் பண்டாரவளையில் வைத்துக் கிடைத்தது. ஒரு பாடசாலையில் பழுதாகிக் கிடந்த கணினியைத் திருத்திக் கொடுத்துவிட்டு, மரக்கறிக் கடைகளின் பக்கமாக பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "என்னங்க, நம்ம சேர் போயிட்டாருங்க. காலையில ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சிருச்சாம். நீங்க நேரா அவங்க வீட்டுக்கு வந்துருங்க." லீக்ஸ் கட்டு அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர், "என்னங்கண்ணே?" என்று கேட்கும்வரை அங்கேயே நின்று அழுதேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதை வாசித்துவிட்டு, இவனுக்கு அந்த மனிதர்மேல் தொடக்கத்திலிருந்தே காழ்ப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடமும் நான்கு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். "நீங்கதானே அவரோட நெருங்கிப் பழகின ஆள், மரியதாஸ்" என்றீர்கள். ஆமாம், நான்தான். பதுளையில் என் கொமினிகேசன் கடைக்கு, போட்டோ பிரதி எடுக்கவும் தொலைநகல் அனுப்பவும் வந்துபோன எத்தனையோ பேரில் ஒருவராகத்தான் அவரும் வந்தார். அரசாங்கத்தில் காணி விலைமதிப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர். ஊவா மாகாணத்துக்கு வேலைக்கு வந்து, பிறகு ஊருக்குத் திரும்ப முடியாத காலம் வந்து, பதுளையிலேயே வீடும் வாங்கிக் குடியிருந்தவர். நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, கணினி படித்து, டவுனில் வாடகைக்கு ஒரு கடை போட்டவன். வயதில் பதினைந்து வருடம் வித்தியாசம். அவர் என்னை "நீர்" என்பார், நான் அவரை "சேர்" என்பேன்.

அவர் கையில் எப்போதும் ஒரு வெளிக்களப் புத்தகம் இருக்கும். தடித்த அட்டை, பக்கங்களுக்கு இலக்கம் போட்டது. ஒருநாள் கடையில் அதை விரித்து வைத்து எழுதும்போது ஓர் எண் பிழைத்துவிட்டது. நான் உதவி செய்வதாக நினைத்து, கறுப்பு மையால் அழுத்தி அழித்துக் கொடுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "அழிக்கக் கூடாது தம்பி. பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. பிழையெண்டால் மேலால ஒரு கோடு, பக்கத்தில கையெழுத்து. பிழைச்சதும் தெரியவேணும், ஒத்துக்கொண்டதும் தெரியவேணும்." ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்துக் காட்டினார். இப்படியும் ஒரு மனிதரா என்று நினைத்தேன்.

நான் அவரை நம்பியதற்கு அது மட்டும் காரணமில்லை. மடுல்சீமைக்குப் போகிற வழியில் ஒரு விதவையின் காணியை மதிக்கப் போனபோது, படம் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வாங்க வந்தவர் ஜீப்பில் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தன் காணியின் பெறுமதி தெரியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். சேர் ஜீப்காரரின் முன்னாலேயே அவளிடம் உண்மையான விலையைச் சொன்னார். திரும்பி வரும்போது, "இதால உங்களுக்குப் பிரச்சினை வராதா சேர்?" என்று கேட்டேன். "வரும்தான். ஆனால் கேளும், காணியைப் பாக்க முன்னம் காணிக்காரரைப் பாக்கவேணும். அந்த மனுசி தனிச்சுப்போய் நிக்குது" என்றார். இந்த வாக்கியத்தைப் பத்து வருடமாக நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி நாங்கள் சேர்ந்து செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும், உங்களில் பலருக்கு அது சரியாகத் தெரியாது. இணையத்தில் ஒரு பக்கத்துக்குப் போக நாம் தட்டுகிற முகவரிப் பெயர்களை வாங்கி விற்கிறவர்கள் உலகத்தில் இருந்தார்கள். நல்ல டொட் கொம் பெயர்களெல்லாம் எப்போதோ முடிந்துபோயின. அந்த நேரத்தில்தான் சீனா தன்னுடைய டொட் சி.என் பெயர்களைத் திறந்துவிட்டது. அதுவரை சொல்லுக்கும் சி.என்னுக்கும் நடுவில் ஒரு 'கொம்' கட்டாயம் இருக்க வேண்டும். இனிமேல் நேரடியாகவே வாங்கலாம் என்றார்கள். நான் இதை சேருக்கு விளக்கினேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப முந்தி வித்தது பின் காணி. இப்ப விக்கிறது றோட்டுக் கரைக் காணி. அப்பிடித்தானே?" என்றார். இவ்வளவு சுருக்கமாக இதை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

அன்றைக்கே புத்தகத்தில் கட்டம் கீறினார். சொல் எவ்வளவு பொதுவானது, எத்தனை எழுத்து, வாசல் நேரடியா பின்னாலா, அந்த வழியால் நடந்துபோகிறவர்கள் யார், எவருடைய சட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடைசியில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம். காணிக்கு அவர் பார்க்கிற அதே வரிசைதான். பெயர் பெற்ற ஒரு தேயிலைக் கம்பனியின் பெயரை வாங்கி வைக்கலாம் என்று நான் ஆசைப்பட்டபோது, கையை உதறினார். "அது மற்றவன்ர காணி. வேலி பாய்ஞ்சுபோய்க் குடியிருக்கப் போறீரோ? ஒருத்தரும் உரிமை கொண்டாட ஏலாத பொதுச் சொல்லைத் தேடும்." வேலி பாய்வதைப் பற்றி எனக்குச் சொன்னவர் அவர்தான்.

முதலில் நான் வாங்கியதெல்லாம் குப்பை. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேயிலை என்றால் ஃபெக்டரியில் சலித்துப் பிரிக்கிற தரங்கள்தானே. அந்தத் தரங்களின் ஆங்கிலப் பெயர்களையெல்லாம் டொட் சி.என் போட்டு வாங்கினேன். சீனாவும் தேயிலை நாடு, அப்படியே கொத்திக்கொண்டு போவார்கள் என்று கணக்குப் போட்டேன். விலை கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. சீனாக்காரர் குடிப்பது வேறு தேயிலை, அவர்களுக்கு நம்முடைய ஃபெக்டரிப் பெயர்கள் ஒன்றும் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. சேர் விழுந்து விழுந்து சிரித்தார். "நடமாட்டக் கட்டத்தில சைபர் போடுறன். உம்மட றோட்டால போறது நீர் ஒருத்தர்தான்" என்றார்.

வழி திறந்தது ஒரு சீனரால். பதுளைப் பக்கம் ஒரு கட்டட வேலைக்கு வந்திருந்த தொழில்நுட்பக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கடிதம் எழுத என் கடைக்கு வருவார். அவர் தட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். ஆங்கில எழுத்தில்தான் தட்டினார், திரையில் சீன எழுத்து வந்து விழுந்தது. அப்படியானால் அவர்கள் தேடிப் போவது ஆங்கிலச் சொல்லை இல்லை, ஆங்கில எழுத்தில் எழுதிய தங்கள் சொல்லை. தேயிலைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். தட்டிக் காட்டினார், அதை யாரோ எடுத்திருந்தார்கள். தேநீர் ஊற்றுகிற குடுவைக்கு? ஐந்தே எழுத்து. தேடிப் பார்த்தேன், சும்மா கிடந்தது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அது இப்போது வேறொருவருடையது.

சேர் வந்து அதைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். "வீட்டுக்கு வீடு இருக்கிற சாமான். ஐஞ்செழுத்து. நேர் வாசல். தம்பி, இது சந்திக் காணி" என்றார். எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வாழ்க்கையில் ஓர் உத்தியோகத்தர் எனக்குக் கைகொடுத்தது அதுதான் முதல் தடவை.

இப்போது என் மடத்தனத்துக்கு வருகிறேன். தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த மடத்தனம் வாய்த்திருக்காது. பெயரைப் பதிந்து கொடுக்கிற வெளிநாட்டு முகவர், முன்பு ஒன்றும் கேட்காதவர், இந்தத் தடவை அடையாள அட்டையும் அதே முகவரியில் ஒரு பில்லும் கேட்டார். என் அடையாள அட்டையில் இருந்தது ஒரு டிவிசனும் ஒரு லயத்தின் இலக்கமும். லயத்துக்குத் தனி முகவரி ஏது? கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, தப்பால்காரர் மூட்டையில் கிடந்து, எப்போதாவது கைக்கு வரும். எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. லைட் பில் தோட்டத்தின் பெயரில். கடை பில் கடைச் சொந்தக்காரர் பெயரில். என் பெயரில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே தாள் ஞானஸ்நானச் சான்றிதழ். சேரிடம் வீடு இருந்தது, அவர் பெயரிலேயே பில் இருந்தது. "சேர், உங்க பேருலயே பதிஞ்சிருவோமா?" என்று கேட்டது நான்தான், அவர் கேட்கவில்லை.

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?" என்றார். யோசித்துத்தான் சொன்னேன். மின்னஞ்சல் கணக்கும் நானே திறந்து கொடுத்தேன். கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியதும் நானேதான். அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சேர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "பயப்பிடாதையும். உம்மட காணி என்ர வேலிக்குள்ள நிக்குது. அவ்வளவுதான்."

பதிவுத் தாளைப் பிரதி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, லயத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் காணி உறுதி என்று ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. "ஏய்யா, இதுல வீடு கட்டலாமா?" என்றாள். "இதுல கட்ட முடியாதும்மா. இத வித்துட்டு, டவுன் பக்கம் பத்து பேர்ச் காணி வாங்குவோம். அதுல கட்டலாம்" என்றேன். "கட்டுனா கடுதாசி நேரா நம்ம வாசலுக்கே வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் சட்டத்தைக் காட்டி, மகன் சீனாவில் இடம் வாங்கியிருக்கிறான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் திருத்தவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்று வருடம் புதுப்பித்தோம். நாலாம் வருடம் சீனாவில் பெயர்களைக் கிட்டத்தட்டச் சும்மாவே அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கண்டவன் நின்றவனெல்லாம் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தான். ஒரு மத்தியானம் சேர் கடைக்கு வந்தார். வழக்கமாக உட்காருகிற கதிரையில் உட்காரவில்லை. "தம்பி, மனசைத் தேத்திக்கொள்ளும். சந்தை விழுந்திட்டுது. உம்மட சொல்லுக்கு இப்ப ஒரு பெறுமதியும் இல்லை. புதுப்பிக்கிற காசு வீண். விடும்" என்றார். "கொஞ்ச நாள் வச்சுப் பாப்போமே சேர்?" என்றேன். "நான் மதிச்சுச் சொல்லுறன்" என்றார். மடுல்சீமையில் ஜீப்காரர் முன்னால் நின்று விலை சொன்ன மனிதர். விட்டேன். அம்மாவிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். சட்டத்தைக் கழற்ற வேண்டாம் என்றாள்.

சில மாதம் போனபின் ஒருநாள் மனம் கேளாமல் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக மண்குடுவைப் படங்கள், யாரோ ஒரு சீன வியாபாரியின் கடை. சேரிடம் ஓடினேன். "பாத்தீரா, நீர் விட்ட உடன ஆரோ எடுத்திட்டான். எங்கட யோகம் அப்பிடி" என்றார். அந்த 'எங்கட' எனக்கு ஆறுதலாக இருந்தது.

அதே வருடம்தான் அவர் வீட்டுக்கு மேல்மாடி கட்டினார். நீங்கள் எல்லோரும் அந்தக் குடிபூரலுக்கு வந்து, மேலே இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் முதல் நாளே போய்க் கதிரை தூக்கினேன், ஒலிபெருக்கி கட்டினேன், சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வங்கிக் கடன் எடுத்துக் கட்டியதாக அவர் சொன்னார், எல்லோரும் நம்பினோம். அம்மா அடுத்த மழைக்காலத்தில் லயத்து அறையிலேயே கண்ணை மூடினாள். சேர் ஸ்பிரிங்வெளி வரை நடந்து வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அந்தச் சட்டம் சுவரில்தான் இருந்தது. அதற்கு நேரே நின்றுதான் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

செத்தவீடு முடிந்து எட்டாம் நாள், அக்கா என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். கையில் அந்த வெளிக்களப் புத்தகம். "இதை உம்மட்டக் குடுக்கச் சொன்னவர். ஆஸ்பத்திரியில வச்சு ரெண்டு தரம் சொன்னவர். அவற்ற நினைவா வச்சிரும் தம்பி" என்று அழுதார். நானும் அழுதுகொண்டே வாங்கினேன். வீட்டுக்கு வந்து, பழைய நாட்களைப் பார்ப்போம் என்றுதான் பிரித்தேன். தேயிலைத் தரங்கள், அவற்றுக்கு நேரே அவர் போட்ட சைபர்கள், எல்லாம் இருந்தன. சிரித்தேன். பிறகு என் ஐந்தெழுத்துச் சொல் இரண்டாம் தடவையாக ஒரு பக்கத்தில் வந்தது.

அவருடைய அழகான கையெழுத்து. எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருந்தது. சொல், எழுத்து, வாசல், நடமாட்டம், சட்டம். கீழே மதிப்பு. அந்தத் தொகையை இங்கே நான் எழுதவில்லை. பதுளையில் பத்து பேர்ச் வாங்கி, வீட்டையும் கட்டி முடித்திருக்கலாம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குபவர் கடிதம் எழுதிய திகதி இருந்தது. விற்று முடித்த திகதி இருந்தது. அவர் கடைக்கு வந்து "விடும்" என்று சொன்னதற்கு ஒன்பது நாள் முந்திய திகதி. கடைசிக் கட்டத்தில், 'உரிமையாளர்' என்ற இடத்தில், அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "மரியதாஸ். லயத்துப் பிள்ளை. விலை தெரியாது. நான் சொன்னால் கேட்பார்."

காணியைப் பாக்க முன்னம் காணிக்காரரைப் பாக்கவேணும். பார்த்திருக்கிறார். சரியாகவே மதித்திருக்கிறார். எனக்குப் பற்றி எரிகிறது. பணத்தை நினைத்தால்கூட இப்படி எரியவில்லை, அந்த நாலு வார்த்தையை நினைத்தால்தான் எரிகிறது. பத்து வருடம் என்னோடு ஒரே பனிஸைப் பிய்த்துத் தின்ற மனிதருக்கு, எழுத உட்கார்ந்தபோது நான் லயத்துப் பிள்ளையாகத்தான் தெரிந்திருக்கிறேன். ஏன் அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுக்கச் சொன்னார் என்று இருபது நாளாக யோசிக்கிறேன். சொல்ல வாய் வராமல், வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கொடுத்தாரா? அந்தப் பக்கத்தையே மறந்துவிட்டுக் கொடுத்தாரா? அக்காவிடம் கேட்க முடியாது. அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த மாடியில் உட்கார்ந்து அவர் அழும்போது, இது என் அம்மாவின் வீடு என்று நான் எப்படிச் சொல்வேன்?

இதை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் முடிவு. நல்லவர் என்று நீங்கள் எல்லோரும் எழுதுவீர்கள், அதில் பொய் இல்லை. மடுல்சீமைப் பெண்ணுக்கு அவர் நல்லவர்தான். எனக்கும் நல்லவராக இருந்திருக்கலாம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்னவென்று சொல்லி முடிப்பதுதான் வழக்கம். அவர் கீறிய கட்டங்கள் என்னிடம் இருக்கின்றன. பெயர்களின் விலை கேட்டு இன்னும் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், அவர் பழக்கியபடியேதான் மதித்துச் சொல்கிறேன், கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்புவதில்லை. புத்தகமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். பிழையென்றால் மேலால் ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார், பேனையும் தலைமாட்டில் இருந்தது. விற்ற திகதிக்குக் கீழே கையெழுத்து இருக்கிறது. அந்த நாலு வார்த்தைக்கு மேலே கோடு இல்லை. என் மனைவி நேற்று, "நீங்களே ஒரு கோடு போட்டுட்டு மறந்துருங்களேன்" என்றாள். பேனையை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அது நான் போடுகிற கோடு இல்லை.